மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம்
மூணாறில் எங்கே கட்டடம் எழுப்பலாம், எங்கே கூடாது என்ற வழக்கும் வாக்குவாதமும் மறுபடி செய்தியில் வந்திருக்கின்றன. ரிசார்ட், பட்டா, தடையில்லாச் சான்று என்று நீளும் அந்தப் பேச்சில் லயம் என்ற சொல்லைத் தேடினேன், காணோம். தேயிலைக் கம்பெனிகள் இந்த மலையை வகுத்த விதம் எளியது. காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் துரை பங்களா, நடுவே தேயிலை, வேலைக்காட்டுக்குப் பக்கமாகத் தொழிலாளருக்கு லயம் எனப்படும் வரிசை வீடுகள். தேயிலைக்கு உதவாத துண்டு நிலம் ஆளுக்குப் போதும் என்பதே கணக்கு. 1924 வெள்ளம் குண்டளை ரயில் பாதையை அழித்தது, கணக்கு அழியவில்லை. 1971-இல் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம் வந்தது. துரைகள் போனார்கள், லயம் அப்படியே நின்றது. 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு எழுபது பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலும் தமிழர்கள். மழையைக் குறை சொல்லி முடித்துவிட்டோம். மழை எங்கே பெய்வது என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை. யார் எங்கே படுத்து உறங்குவது என்பதைத் தீர்மானித்தவர்கள் உண்டு. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பத்தவரும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூணாறுக்குப் புதிய நிலத் திட்டம் போடுபவர்கள் ரிசார்ட்டின் மாடிகளை எண்ணுவதற்கு முன், தொழிலாளிக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்தமாக ஐந்து சென்ட் நிலம் ஒதுக்கட்டும்.