பதில் எழுத்தில் வரட்டும்

நகராட்சிதோறும் மாநகராட்சிதோறும் ஒரு மகளிர் ஆலோசனை ஆணையம் வேண்டும் என்று நான் பேச்செடுத்தாலே, எதிரில் இருப்பவர் கேட்பது இதைத்தான்: “மாநில மகளிர் ஆணையம் இருக்குது. கவுன்சிலர்ல பாதிப்பேர் பெண்கள். இதுக்கு மேல என்னங்க வேணும்?” நியாயமான கேள்வி. 2011 முதல் 2016 வரை கொங்குப் பகுதியில் ஒரு நகராட்சியில் கவுன்சிலராக இருந்தவள் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

மாநில மகளிர் ஆணையம் 1993-லிருந்து இருக்கிறது. தேசிய ஆணையம் அதற்கு ஓராண்டு மூத்தது. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைக் காது கொடுத்துக் கேட்கவும், அரசுக்குப் பரிந்துரை அனுப்பவும் அவை கட்டாயம் வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறைக்கு மட்டும் இரவு எட்டு மணிக்கே ஏன் பூட்டு விழுகிறது என்று சென்னையில் இருக்கும் ஆணையம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அது அதன் வேலையும் இல்லை. குடிநீர், கழிப்பறை, தெருவிளக்கு, சாக்கடை, சந்தை என்று ஒரு பெண்ணின் நாளை நகர்த்துவதும் முடக்குவதும் பெரும்பாலும் உள்ளாட்சியின் கையில்தான் இருக்கின்றன.

கவுன்சிலர்கள் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்து, 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. என் காலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த வெற்றியைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே அளந்து சொல்ல முடியாது. இருந்தாலும் மன்றத்துக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியும்: கவுன்சிலருக்கு அவரவர் வார்டு ஒன்றுதான் கண்ணில் இருக்கும், இருந்தாக வேண்டும். தண்ணீர் வரவில்லை என்று விடிவதற்குள் வாசலில் ஆள் நிற்கும். மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா கைக்கு வந்து, அதைப் படித்து முடிப்பதற்குள் தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறியிருக்கும். ஊர் முழுக்க பெண்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று துறைதுறையாகப் போய்க் கணக்குப் பார்க்க எந்தக் கவுன்சிலருக்கும் நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. புதிதாக வந்த பெண்ணுக்கு இது இரட்டைச் சுமை. அவருக்குப் பதிலாக அவர் வீட்டுக்காரர் பொறியாளர் அறையில் உட்கார்ந்து பேசுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் கணக்கு இருந்தால் அந்தப் பெண்ணே பேசியிருப்பார்.

என் வார்டில் பேருந்து நிறுத்தத்திலிருந்து காலனிக்கு ஒரு மண் பாதை. பனியன் கம்பெனி வேன் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் பெண்களை நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து இருட்டில்தான் நடை. விளக்கு கேட்டுப் போனபோது பொறியாளர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். கம்பத்தின் எண், விளக்கின் வாட்ஸ், மின் இணைப்பு எண் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. “மெயின் ரோட்டுக்குத்தாம்மா முன்னுரிமை” என்றார். அந்தப் பாதையில் யார், எந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர் கெட்டவர் இல்லை. அப்படி ஒரு கணக்கை எழுதச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. ஓவர்லாக் மிஷினில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் நானும் நிறுத்தத்தில் நின்று, போகிறவர்களை நோட்டில் குறித்தோம். முக்கால்வாசிப் பேர் பெண்கள். அந்த ஒரு பக்கக் கணக்கைக் கையில் கொடுத்த பிறகு, அடுத்த எஸ்டிமேட்டில் அந்தப் பாதைக்கு விளக்கு வந்தது. பல மாதம் நான் வாயால் கேட்டு வராத விளக்கு அது.

இப்படிக் கணக்குக் கேட்பதையே சட்டமாக்கிய அமெரிக்க நகரம் சான்பிரான்சிஸ்கோவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அந்த நகரத்தில் மகளிர் நிலைக்கான ஆணையம் 1975-லேயே அமைந்தது. மேயர் நியமிக்கும் ஏழு பேர். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1979-ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா 1980-ல் அதில் கையெழுத்துப் போட்டதோடு சரி, ஏற்புறுதி அளிக்கவில்லை. நாடு செய்யாததை ஊர் செய்தது. 1998-ல் சான்பிரான்சிஸ்கோ அந்த உடன்படிக்கையின் நெறிகளைத் தன் நகரச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். இந்தியா 1993-லேயே ஏற்புறுதி அளித்த நாடு. ஆனால் நான் கவுன்சிலராக இருந்த ஐந்தாண்டில் அந்த உடன்படிக்கையின் பெயரை எங்கள் மன்றத்தில் ஒருவரும் உச்சரித்ததில்லை.

சான்பிரான்சிஸ்கோ சட்டத்தில் என்னைக் கவர்ந்தது கொள்கை முழக்கம் இல்லை. ஒரு நகரத் துறையைத் தேர்ந்தெடுத்து, உன் சேவையைப் பயன்படுத்துகிறவர்களில் பெண் எத்தனை, ஆண் எத்தனை, உன்னிடம் வேலை செய்கிறவர்களில் எத்தனை, பணம் எங்கே போகிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லும் உரிமை அதில் இருந்தது. முதலில் எடுத்தவை இரண்டே துறைகள்: பொதுப்பணி, இளம் குற்றவாளிகளுக்கான நன்னடத்தைத் துறை. இரண்டாவதில், திட்டங்கள் எல்லாம் பையன்களை மனதில் வைத்தே தீட்டப்பட்டிருந்ததும், வந்து சேரும் பெண் பிள்ளைகளின் தேவை வேறாக இருந்ததும் வெளிப்பட்டன. பொதுப்பணித் துறையிலோ தெருவிளக்குகளுக்கு நடுவே விடும் இடைவெளியும், நடைபாதை ஓரத்துச் சரிவும் பெண்கள் சம்பந்தப்பட்ட விஷயங்களாகப் பேசப்பட்டன. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிப் போகிறவளுக்கு அந்தச் சரிவு எவ்வளவு முக்கியம்! அதுவரை அது வெறும் சிமென்ட் கணக்கு.

இன்னொன்று மனதை உலுக்குவது. 2000-ஆம் ஆண்டு அந்த நகரத்தில் ஓர் இளம் தாய், முன்பு தன்னோடு வாழ்ந்தவனால் தன் பிள்ளைகள் கண்முன்னே கொல்லப்பட்டார். அவன் நெருங்கக் கூடாது என்று அவர் ஏற்கெனவே நீதிமன்றத்தில் தடை வாங்கியிருந்தார். ஆணையம் இந்த மரணத்தைக் கையிலெடுத்து, ஒவ்வொரு துறையும் என்ன செய்தது என்று ஆராய்ந்து 2002-ல் அறிக்கை கொடுத்தது. காவல்துறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், நன்னடத்தைத் துறை எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. ஒருவர் அறிந்தது மற்றவருக்குப் போகவில்லை. அறிக்கை கொடுத்ததோடு ஆணையம் ஒதுங்கவில்லை. பரிந்துரைகள் என்ன ஆயின என்று ஆண்டுக்கணக்கில் துறைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டது. 2010-க்கும் 2014-க்கும் இடையே தொடர்ந்து 44 மாதங்கள் அந்த நகரத்தில் குடும்ப வன்முறைக் கொலை ஒன்றுகூட நடக்கவில்லை. அதை ஆணையம் ஒன்றின் சாதனை என்று சொல்ல மாட்டேன், பலர் உழைத்தார்கள். ஆனால் மறக்கவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்த ஓர் இடம் அங்கே இருந்தது.

நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கேரளத்தில் உள்ளாட்சிதோறும் ஜாக்ரதா சமிதி என்ற கண்காணிப்புக் குழு உண்டு. சென்னை மாநகராட்சி நிர்பயா நிதியில் பாலினத்துக்கும் கொள்கைக்குமென ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் திட்ட நிதியில் நிற்பது திட்டம் முடிந்தால் விழுந்துவிடக்கூடும். சிறிய நகராட்சிக்கு அதுவும் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை நம் நகரங்களில் மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் ஆண்டார்களே, அந்த ஆண்டுகளில் என் வார்டுப் பெண்கள் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள்? தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர்ந்து இருக்கும் ஓர் அமைப்பு அப்போது வேண்டியிருந்தது.

“கட்சிக்காரர்களுக்கு இன்னொரு பதவியாகப் போய்விடும்” என்பார்கள். போகக்கூடும். அதனால்தான் யார் உட்கார வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். இதற்கு நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை வியாபாரிகளுக்கே கொடுத்து, அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பூ விற்கும் அக்காவுக்குச் சட்டம் ஒரு நாற்காலி போட்டுவிட்டது. அதே முறையில் இந்த ஆணையத்தில் ஒரு தூய்மைப் பணியாளர், ஒரு வீட்டு வேலைத் தொழிலாளி, மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். டாக்டரும் வக்கீலும் மட்டும் உட்கார்ந்தால் எனக்குச் சம்மதம் இல்லை.

ஏன் தூய்மைப் பணியாளர் என்று சொல்கிறேன் என்றால், காலை ஐந்தரை மணிக்கு மேஸ்திரி வருகை எடுக்கும் ஷெட்டில் நான் நின்று பேசியிருக்கிறேன். கழிப்பறை கிடையாது. உடை மாற்ற மறைவிடமும் கிடையாது. “டீகூட குடிக்கறதில்லைங்க அக்கா. குடிச்சா எங்க போறதுங்க?” என்றார் ஒருவர். மதியம் வேலை முடியும்வரை தண்ணீரும் இல்லை. மாதவிலக்கு நாளுக்கான துணியை ஒயர் கூடையில் சுற்றி வைத்து, அந்தக் கூடையைக் குப்பை வண்டியின் கைப்பிடியிலேயே மாட்டியிருந்தார். ஊரைச் சுத்தமாக வைக்கிறவருக்கு ஊர் கொடுத்த இடம் அது. சுகாதாரப் பிரிவின் எந்தக் கோப்பிலும் இந்த விவரம் இல்லை. இதை அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பெண்களுக்கு ஆலோசனை வழங்க ஓர் ஆணையம் அமைப்பதில் என்ன பயன்?

ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆலோசனை ஆலோசனையாகவே இருக்கட்டும். ஆனால் அது கொடுக்கும் ஒவ்வொரு ஆலோசனையும் அடுத்த மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஏற வேண்டும். நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையர் முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். “முடியாது” என்று எழுதினாலும் சரி, காரணத்தோடு எழுதட்டும். வாய்மொழியாக “பார்க்கலாம்மா” என்று சொல்லி அனுப்புவதில்தான் பெண்களின் கோரிக்கைகள் செத்துப்போகின்றன. எழுதிக் கொடுத்த பதிலை வைத்துக்கொண்டு கவுன்சிலர் மன்றத்தில் எழுந்து நிற்கலாம், பத்திரிகை கேள்வி கேட்கலாம், தேவைப்பட்டால் நீதிமன்றமும் போகலாம். மன்றம் இல்லாத காலத்திலும் தனி அலுவலருக்கு இதே கடமை இருக்கும்படி அரசாணையில் சேர்க்க வேண்டும்.

முதல் ஆண்டிலேயே எல்லாத் துறைகளையும் தொட வேண்டாம். பொறியியல் பிரிவும் சுகாதாரப் பிரிவும் போதும். எந்தப் பாதையில் இரவில் யார் நடக்கிறார்கள், கட்டணக் கழிப்பறையில் ஆணுக்கு இலவசமாக இருப்பதற்குப் பெண்ணிடம் ஏன் காசு வாங்குகிறார் குத்தகைதாரர், எத்தனை ஷெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது என்று தொடங்கட்டும். கணக்கெடுக்க அந்தந்த ஊர்க் கல்லூரிப் பெண்களையும் சுயஉதவிக் குழுக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பெண் மேயரோ பெண் தலைவரோ இருக்கும் ஏதாவது ஒரு நகரம் இதற்கான தீர்மானத்தை முதலில் கொண்டுவரட்டும். வரைவு எழுத உதவி வேண்டுமென்றால் நான் வருகிறேன். என்னோடு அன்று மன்றத்தில் இருந்த பெண்கள் சிலரும் வரத் தயாராக இருக்கிறார்கள்.