மந்திரம் முடியுமுன் வாள் விழுந்தால்?

ஓசூர் சிப்காட் பகுதிக்கு அருகே ஒரு மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலை. மேஜையைச் சுற்றி ஐந்து இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தமிழில் கேட்கிறார். அடுத்தவர் தெலுங்கில் பதில் சொல்கிறார். அத்திப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டி வந்தவர் கன்னடத்தில் கேலி செய்கிறார். சீட்டுக் கட்டு இல்லை, காசும் இல்லை. இருபது முகம் கொண்ட பகடை ஒன்று மட்டும் உருண்டுகொண்டிருக்கிறது.

ஆட்டத்தின் பெயர் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". 1974-ம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உண்டாக்கியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி. வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். நம் ஊர்க் கூத்தை உட்கார்ந்தபடியே, முகத்தில் அரிதாரம் இல்லாமல் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் போயிருந்த அன்று வாள்வீரர் வேடம் ஏற்றிருந்தவர் ஒரு பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். ஆறு நாள் இரவு ஷிப்டு முடித்து வந்திருந்தார். அவருடைய வீரன் அரை மணி நேரமாகக் கோட்டைப் படிகளில் ஏறி எதிரிகளை நெருங்கிக்கொண்டிருந்தான். மந்திரவாதியோ பெங்களூருக்குத் தினமும் போய்வரும் கம்ப்யூட்டர்க்காரர். பக்கத்திலே ஓர் அரக்கன் வாளை ஓங்கி நிற்கிறான். இவர் அதைச் சட்டை செய்யவே இல்லை. நிதானமாக மந்திரத்தைச் சொல்லித் தூரத்தில் நின்ற கூட்டத்தின் மேல் நெருப்புருண்டையை எறிந்தார். எட்டுப் பகடைகள் உருண்டன. கூட்டம் முழுவதும் சாம்பல்!

"அப்போ நான் எதுக்குப்பா வந்தேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் வாள்வீரர். அதற்குப் பிறகு அவர் அதிகம் சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டர்க்காரர் மேல் குற்றமில்லை. ஆட்டத்தின் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எப்போதும் இப்படி இருக்கவில்லை.

1974-ன் முதல் புத்தகங்களில் மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது, வாளும் கிடையாது. ஒரு குறுங்கத்தி மட்டும்தான். துரோணரையும் பரசுராமரையும் அறிந்த நமக்கு இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். போகட்டும். சொன்ன மந்திரம் உடனே மனத்தைவிட்டு அழிந்துவிடும் என்றும் ஒரு விதி உண்டு. அது ஜாக் வான்ஸ் என்ற நாவலாசிரியர் 1950-ல் எழுதிய கதைகளிலிருந்து எடுத்தது. 1979-ல் வந்த வழிகாட்டி நூலிலோ மந்திரம் சொல்ல நேரம் பிடிக்கும். அதற்குள் ஓர் அடி விழுந்தால் மந்திரம் பாழ், நினைவிலிருந்தும் போய்விடும். 2000-ல் வந்த பதிப்பில், வாள்காரன் அருகே நின்று மந்திரம் சொன்னால் அவனுக்கு ஓர் இலவச வெட்டு உண்டு.

2014-ம் ஆண்டின் பதிப்பு இதையெல்லாம் தளர்த்திவிட்டது. தொடர்ந்து கட்டிக் காக்கவேண்டிய மந்திரங்களுக்கு மட்டும் அடி பட்டால் சோதனை. பகடை பத்தையோ, பட்ட அடியில் பாதியையோ, எது பெரிதோ அதை எட்டவேண்டும். நெருப்புருண்டை போல எறிந்தவுடன் முடிந்துபோகும் மந்திரத்துக்கு அந்தச் சோதனையும் இல்லை. வாள் ஓங்கி நின்ற அரக்கனை நம் நண்பர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

பழைய விதிதான் நல்ல விதி என்பது என் கட்சி.

நிகும்பலையில் நடந்தது என்ன?

இந்திரசித்து நிகும்பலையில் யாகம் செய்கிறான். அது நிறைவேறிவிட்டால் அவனை வெல்ல முடியாது. இந்த இரகசியத்தை விபீடணன் சொல்லிவிடுகிறான். இலக்குவனும் வானரப் படையும் யாகம் முடியுமுன்பே போய்ச் சேருகிறார்கள். சுற்றிக் காவல் நிற்கும் அரக்கர் படை மேல் வானரங்கள் விழுகின்றன. தன் படை படும் பாட்டைக் காணப் பொறுக்காமல் யாகத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிறான் இந்திரசித்து என்கிறார் வான்மீகி. அத்தோடு அவன் விதி முடிந்தது.

மேஜை ஆட்டத்துக்கு வேண்டிய அத்தனை விதியும் இதில் இருக்கிறது. மந்திரம் பெரியது, ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் காக்க வாள் வேண்டும். அதைக் கெடுக்கவும் வாள் வேண்டும். இரு பக்கத்து வீரனுக்கும் வேலை கிடைத்துவிட்டது, பாருங்கள்!

பாரதத்திலும் விலையில்லாத அஸ்திரம் இல்லை. கர்ணனுக்கு இந்திரன் தந்த சக்தி ஒரே ஒரு முறைதான் பயன்படும். அருச்சுனனுக்கென்று பத்திரப்படுத்தியதைக் கடோற்கசன் மேல் எறிய நேர்ந்தது. பரசுராமரின் சாபத்தால் வேண்டிய வேளையில் மந்திரம் அவனுக்கு மறந்தது. நாராயணாஸ்திரத்துக்கு மாற்று மந்திரமே வேண்டாம். ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுத் தேரைவிட்டு இறங்கினால் போதும். அசுவத்தாமனுக்கோ விட்ட அஸ்திரத்தைத் திரும்ப அழைக்கத் தெரியவில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. படுகளத்தன்று கூடும் கூட்டத்தில் ஒரு பாட்டியைக் கேளுங்கள். எந்த அஸ்திரம் எதற்கு அடங்கும் என்று, எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் அவர் சொல்வார். இந்த மாவட்டம் வீரனை மறக்காத மண்ணும்கூட. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் வாளும் வில்லும் ஏந்தியவர்கள்தான் இருந்தார்கள். மந்திரக்கோல் ஒன்றுகூடத் தென்படவில்லை!

மறுதரப்பு வாதம்

கம்ப்யூட்டர்க்காரரின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். "என் முறை வருவதற்கே கால் மணி நேரம் ஆகிறது. ஒரு மந்திரத்தை யோசித்து வைத்திருக்கிறேன். எவனோ ஒரு பகடையை உருட்டி அதைக் கெடுத்துவிட்டால் எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை இல்லையா, சார்?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். பழைய விதியில் ஆரம்பநிலை மந்திரவாதி பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே ஒரு மந்திரம். அதுவும் கெட்டால் மாலை முழுவதும் கொட்டாவிதான்.

இதைத் தீர்க்க 2008-ம் ஆண்டுப் பதிப்பில் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் வார்த்த வித்தைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாளும் மந்திரமும் ஒன்றாகிவிட்டன என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அது ருசிக்கவில்லை.

நான் சொன்ன வழி இதுதான். சிறு மந்திரங்களை அப்படியே விட்டுவிடுங்கள். நெருப்புருண்டை போன்ற பெரியவற்றுக்கு மட்டும் ஒரு சுற்று முன்னதாகவே, "தொடங்குகிறேன்" என்று மந்திரவாதி சொல்லட்டும். அடுத்த முறை வரும்வரை அவர் மேல் அடி விழாவிட்டால் மந்திரம் பலிக்கும். விழுந்தால் பகடையை உருட்டி மனவுறுதியைச் சோதிக்கட்டும். தோற்றாலும் மந்திரம் நினைவில் நிற்கட்டும். போனது அந்த ஒரு சுற்றோடு போகட்டும். கூடவே, வீரன் பக்கத்தில் நின்றால் மந்திரவாதி மேல் விழும் முதல் அடியைத் தன் கேடயத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆட்டத்தை நடத்தியவர் தாடையைத் தடவினார். "அடுத்த வாரம் போட்டுப் பார்ப்போம்" என்றார். கம்ப்யூட்டர்க்காரர் முணுமுணுத்தார். பிறகு பக்கத்திலிருந்த கடைசல்காரரிடம் திரும்பினார்.

"அண்ணா, அடுத்த ஞாயிறு உங்களுக்கு ஷிப்டு இல்லையே?"

"இருந்தாலும் மாத்திக்கிட்டு வர்றேன்" என்றார் வாள்வீரர்.