சங்கிலிக்குப் புதிய எண்ணெய்; பழைய எண்ணெய்க்கு மூடிய கலன்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் மோட்டார்ச் சைக்கிள் இன்று மண்வெட்டியைப் போலவே கமக்காரரின் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. கற்பிட்டிக் குடாநாட்டின் மிளகாயும் வெங்காயமும் சந்தைக்குச் செல்வதும், தப்போவைக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்கு விதைநெல்லும் பசளையும் வந்து சேர்வதும் பல வேளைகளில் அதன் பின்னிருக்கையிலேயாம். எஞ்சினின் வலுவைப் பின்சில்லுக்குக் கொண்டு செல்லும் சங்கிலிக்கு எண்ணெய் இடுவதும், எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை அகற்றுவதும் சிறு கருமங்களாகத் தோன்றலாம். ஆயினும், வடித்த கறுப்பு எண்ணெயையே சங்கிலிக்கு ஊற்றி, எஞ்சியதை வேலியோரத்திற் கொட்டிவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. இவ்வழக்கம் சிக்கனம்போலத் தோன்றினும் உண்மையிற் பெருஞ் செலவேயாகும். அது கைவிடப்படல் வேண்டும்.

பழைய எண்ணெய் சங்கிலிக்கு ஆகாது

“கறுத்தாலும் எண்ணெய் எண்ணெய்தானே” என்பர் சிலர். எஞ்சினுள் ஓடிய எண்ணெய் வெறுமனே நிறம் மாறியதன்று. எரிபொருளின் கரியும், தேய்ந்த உலோகத்தின் நுண்டுகள்களும், எரிதலால் உண்டாகும் அமிலங்களும் அதிற் கலந்துள்ளன. துகள்கள் சங்கிலியின் உருளைகளுக்கும் முளைகளுக்கும் இடையிற் புகுந்து அவற்றை அராவுகின்றன. அமிலம் துருவுக்கு வழிசெய்கின்றது. அன்றியும், எஞ்சின் எண்ணெய் மெல்லியது. ஓடுஞ் சங்கிலியில் நில்லாது தெறித்துவிடும்.

கரையோரத்தில் இக்கேடு இருமடங்காகின்றது. களப்பிலிருந்தும் கடலிலிருந்தும் வீசும் உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். மணலிலுள்ள படிகக்கல் துகளோ சாதாரண இரும்பிலும் கடினமானது. எண்ணெய் வழியுஞ் சங்கிலியில் அம்மணல் ஒட்டிக்கொண்டால், சங்கிலியும் இரு பற்சில்லுகளும் அரத்தால் அராவப்பட்டவைபோலத் தேயும்.

புதிய எண்ணெய்க்குப் பணமில்லை என்பதும் ஒரு நியாயமே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எண்ணெய் வகைகளின் விலை பெரிதும் ஏறியதைக் கமக்காரர் மறந்திலர். ஆயினும் கணக்கைப் பார்த்தல் நன்று. ஒரு தடவைக்கு 20 மில்லிலீற்றர் செலவாகுமென வைத்துக்கொண்டால், 1 லீற்றர் கியர் ஒயில் 50 தடவைக்குப் போதும். 500 கிலோமீற்றருக்கு ஒரு தடவை இடுவோர்க்கு அஃது 25,000 கிலோமீற்றருக்குப் போதுமானது. சங்கிலியையும் பற்சில்லுகளையும் காலத்துக்கு முன் மாற்ற நேரின் ஆகுஞ் செலவோ அதனிலும் மிகப் பெரிது. மேலும், சங்கிலிக்கு வேண்டியது 20 மில்லிலீற்றரேயாயின், எஞ்சினிலிருந்து வடித்த ஏறக்குறைய 1 லீற்றரில் மீதி 980 மில்லிலீற்றர் எங்கே போகின்றது என்பதும் எண்ணத்தக்கது.

சங்கிலியைப் பேணும் முறை

முதலில் எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடல் வேண்டும். எஞ்சின் ஓடுகையிற் சங்கிலியிற் கைவைத்தல் விரலை இழப்பதற்கு வழியாகும். நடுத்தாங்கியில் வாகனத்தை நிறுத்தி, பின்சில்லைக் கையாற் சுழற்றியே வேலை செய்தல் வேண்டும்.

மண்ணெண்ணெயிற் சிறிது நனைத்த துணியாலும் பழைய பற்தூரிகையாலும் சங்கிலியின் அழுக்கை நீக்கி, உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். பெற்றோல் தீப்பற்றும் அபாயமுடையது. இறப்பர் வளையங்கள் பொருத்திய சங்கிலியாயின் அவ்வளையங்களையும் கெடுக்கும். ஆகவே அதனைத் தவிர்த்தல் நன்று. பின்னர், எஸ்.ஏ.இ. 90 தரத்துக் கியர் ஒயிலைச் சங்கிலியின் கீழ்ப்பகுதியில், உட்புறமாகச் சொட்டுச் சொட்டாக விடல் வேண்டும். சில்லுச் சுழலும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளிநோக்கிப் பரவி உருளைகளுக்குட் செல்லும். சிறிது தூரம் ஓடிச் சூடேறிய சங்கிலியில் அஃது எளிதில் ஊறும். சில நிமிடங்களின் பின் மேலேயுள்ள மிகை எண்ணெயை முற்றாகத் துடைத்துவிடல் வேண்டும். மணற்பாங்கான இடத்தில் இதுவே மிக முக்கியமான படியாகும். எண்ணெய் இருக்கவேண்டிய இடம் சங்கிலியின் உள்ளேயன்றி மேலே அன்று.

மழையில் ஓடியபின்னும், உப்புநீர் பட்டபின்னும் 500 கிலோமீற்றர் வரை காத்திராது எண்ணெய் இடுதல் வேண்டும். சங்கிலியின் தளர்வை வாகனத்தின் கைந்நூலிற் குறித்துள்ள அளவிற்கே வைத்தல் வேண்டும்.

மணலின் கீழுள்ள நீர்

இனி அந்த 980 மில்லிலீற்றரைப் பற்றிப் பார்ப்போம். கற்பிட்டிக் குடாநாட்டிற் பெரிய ஆறு இல்லை. மழைநீர் மணலூடாக இறங்கி, கீழுள்ள உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின் கீழே ஏறத்தாழ 40 அடி வரையே நன்னீர் கிட்டும் என்பது அறிஞர் கணிப்பு. வெங்காயத்துக்கு இறைப்பதும் குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பதும் அப்படையிலிருந்தேயாம். அம்மணல் எதையும் தடுத்து வைப்பதில்லை. பயிருக்கு இட்ட நைதரசன் பசளை அதனூடாக இறங்கி, குடாநாட்டின் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருப்பது 1980 களிலேயே ஆய்வுகளிற் காணப்பட்டது. பசளை சென்ற வழியிற் கழிவெண்ணெயின் நஞ்சுஞ் செல்லக்கூடும்.

1 கலன் கழிவெண்ணெய் 10 இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவராண்மை எச்சரித்துள்ளது. கிணறு ஒருவருக்குரியதாயினும் அதன் கீழுள்ள நீர் ஊருக்குரியது. ஒருவர் வேலியோரத்திற் கொட்டியது அயலவரின் கிணற்றிலும் தோன்றலாம்.

தகாத உபயோகங்கள்

பழைய எண்ணெய்க்குப் பல உபயோகங்கள் சொல்லப்படுகின்றன. வேலிக் கம்பங்களிற் கறையான் ஏறாதிருக்கப் பூசுதல் அவற்றுள் ஒன்று. மழை பெய்யுந்தோறும் அவ்வெண்ணெய் கழுவப்பட்டு நிலத்தில் இறங்கும். கிணற்றையும் மரக்கறிப் பாத்தியையும் சூழ்ந்த வேலிக்கு அது தகாது. களைகளின்மேல் ஊற்றுவோரும் உளர். எண்ணெய் படிந்த மண்ணில் நீரும் காற்றும் புகுவதில்லை. களையோடு பயிரும் மஞ்சளித்துப் போகும். இலையைக் கூடாக்கி நீரில் மிதக்கும் புழுவை அழிக்க, வயல்நீரில் மண்ணெண்ணெய் விட்டுப் பயிரின்மேல் கயிற்றை இழுக்கும் முறை முன்னாளில் இருந்தது. மண்ணெண்ணெய் ஆவியாகிப் போகும். எஞ்சின் எண்ணெயோ வயலிலேயே தங்கும். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. அடுப்பிலும் சூளையிலும் எரித்தால், உலோகத் துகள்கள் புகையோடு கலந்து சுவாசத்திற் சேரும். கையிலுந் தோலிலும் பழைய எண்ணெய் அடிக்கடி படுவதும் தீது; விலங்குகளின் தோலில் அது புற்றுநோயை உண்டாக்கியமை சோதனைகளிற் காணப்பட்டுள்ளது.

புழுதி அடங்கப் பாதையிற் தெளிப்பதன் விளைவை, ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து டைம்ஸ் பீச் என்னும் சிறு நகர் காட்டுகின்றது. அங்கே 1970 களில் வீதிகளிற் தெளித்த கழிவெண்ணெயில், ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் டையொக்சின் என்னும் நஞ்சும் கலந்திருந்தது. 1983 ஆம் ஆண்டில் அரசாங்கம் அந்நகர் முழுவதையும் விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்ற நேர்ந்தது. கிராமத்து எண்ணெயில் அந்நஞ்சு இல்லை எனினும், பழைய எண்ணெயோடு என்னென்ன கலந்துள்ளன என்பதைக் கண்ணாற் பார்த்து அறிய முடியாது என்பதே அதன் படிப்பினை.

செய்யத்தக்கது

தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி கழிவெண்ணெய் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளுள் ஒன்றாகும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உடையோரே அதனைச் சேகரித்தல் வேண்டும். இம்மாவட்டத்திலேயே பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலையின் சூளை, ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வரை பொருளைச் சூடாக்குவது. இத்தகைய சூளைகளிற் கழிவெண்ணெய் தீங்கின்றி எரிந்து எரிபொருளாகப் பயன்படும். பழைய எண்ணெய்க்கு உண்மையான உபயோகம் இதுவே.

ஆயினும் ஒரு கமக்காரர் தம் 1 லீற்றரை எடுத்துக்கொண்டு அத்துணைத் தூரஞ் செல்லுதல் இயலாது. இங்கேதான் கமக்கார அமைப்புகளின் கடமை தோன்றுகின்றது. கமநல சேவை நிலையத்திலேனும், ஊரிலுள்ள வாகனத் திருத்தகத்திலேனும் மூடியுள்ள ஒரு பீப்பாயை, கசிவு நிலத்திற் படாதவாறு சீமெந்துத் தளத்தின்மேல் வைத்து, அது நிறைந்ததும் அனுமதி பெற்ற சேகரிப்போரை அழைத்துக் கொடுப்பதற்கு ஓர் அமைப்பின் ஒரு கூட்டத் தீர்மானமே போதும். மோட்டார்ச் சைக்கிளின் எண்ணெயோடு நீரிறைக்கும் இயந்திரத்தினதும் உழவு இயந்திரத்தினதும் எண்ணெய் சேர்ந்தால், பீப்பாய் விரைவில் நிறையும்.

வீட்டில் எண்ணெயை வடிப்போர் அகன்ற தட்டில் வடித்து, மூடியுள்ள கலனிற் சேர்த்து, ‘கழிவெண்ணெய்’ என எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். குடிநீர்ப் போத்தலையோ கிருமிநாசினிப் போத்தலையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் மிஞ்சிய கிருமிநாசினியையும் அதனுடன் கலத்தலாகாது. கலந்ததைச் சேகரிப்போர் ஏற்கமாட்டார்.

அடுத்த போகத்துக்கு முன்னர் கூடும் கமக்கார அமைப்பின் கூட்டத்தில், நீர் விநியோகத்தையும் பசளையையும் பற்றிப் பேசும்போது, இப்பீப்பாயைப் பற்றியும் பேசி முடிவெடுத்தல் நலம்.