ஒரு தேதியும் ஒரு பருவமும்

'நிறைமாதம்' என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. அது ஒற்றை நாளைச் சுட்டுவதில்லை. நாள்களின் ஒரு பருவத்தைச் சுட்டுகிறது. மருத்துவச் சீட்டில் பிரசவத் தேதி எழுதப்பட்டதுமே அச்சொல்லின் தாராளத்தை நாம் மறந்துவிடுகிறோம்.

அத்தேதி பிறக்கும் விதம் எளிது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து மூன்று மாதங்களைப் பின்னோக்கி எண்ணி, ஏழு நாள்களைக் கூட்டுகிறார்கள். ஜனவரி 10 எனில் அக்டோபர் 17. ஹைடல்பர்க் நகரின் மகப்பேறு மருத்துவர் பிரான்ஸ் நேகலே (1778–1851) பெயரால் வழங்கும் விதி இது. எண்ணத் தொடங்க வேண்டியது விலக்கின் முதல் நாளிலா கடைசி நாளிலா என்பதை அவர் ஐயமறச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மொத்தம் 280 நாள்கள். அதாவது 28 நாள் கொண்ட பத்து மாதங்கள். நாம் பத்து மாதம் என்பதும் ஆங்கிலேயர் ஒன்பது என்பதும் முரணல்ல. மாதத்தின் அளவுதான் வேறு.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் சுழற்சி 28 நாள் அல்ல. 35 நாள் சுழற்சி உடையவளுக்குக் கணக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிசகும். அதனாலேயே முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து தேதியைச் சரிபார்க்கிறார்கள். அப்போதும் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான்.

எனினும் தேதி கடந்த மறுநாளே "இன்னுமா ஆகவில்லை?" என்ற விசாரிப்புகள் தொடங்கிவிடுகின்றன. தாமதம் தன் உடலின் குறை என்று அவள் மருகத் தொடங்குகிறாள். உத்தேசமாகச் சொல்லப்பட்டதை நாம் வாக்குறுதியாக மாற்றிவிட்டோம்.

கணக்கே வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. 42 வாரங்களைத் தாண்டினால் குழந்தைக்கு ஆபத்து கூடும்; எங்கிருந்து எண்ணினோம் என்பது தெரியாவிட்டால், தாண்டியதையும் அறிய முடியாது. ஆகவே தொடக்கத்தைத் துல்லியமாகக் குறிப்போம். முடிவை மட்டும் ஒரு நாளில் அடைக்காதிருப்போம். அக்டோபர் 17 என்ற தேதிக்கு அருகிலேயே, 37 வாரம் நிறையும் செப்டம்பர் 26 முதல் 42 வாரம் நிறைவதற்கு முந்தைய அக்டோபர் 30 வரை என்றும் எழுதினால் என்ன? மருத்துவருக்கு அதனால் இழப்பேதுமில்லை. காத்திருக்கும் பெண்ணுக்கோ அது பெரிய ஆறுதல்.