கடுகளவு கப்பாசிட்டரும் கண்ணாடிப் பாகும்!

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும். 2006-ல் நோக்கியா ஆலை திறந்ததிலிருந்து (2014-ல் அது மூடியது தனிக்கதை) இந்த வட்டாரத்தில் தயாரான போன்களுக்குக் கணக்கில்லை. ஆனால், ஒரு ஸ்மார்ட்போனுக்குள் ஆயிரம் வரை ஒட்டியிருக்கும் ஒரு பொருள் மட்டும் பெரும்பாலும் ஜப்பான், கொரியா, தைவான், சீனாவிலிருந்து ரீல் ரீலாக வந்து இறங்குகிறது. செராமிக் கப்பாசிட்டர்!

கடுகைவிடச் சின்னது. சில ரகங்கள் 0.4 மி.மீ நீளம்தான். அதற்குள் பரோட்டா மாதிரி அடுக்குகள்... பேரியம் டைட்டனேட் படலம், உலோகம், மறுபடி படலம் என நூற்றுக்கணக்கில். மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்து, சிப் கேட்கும்போது சட்டென்று கொடுப்பதுதான் இதன் வேலை.

சிக்கலே சூளையில்தான். பேரியம் டைட்டனேட் கெட்டிப்பட 1,300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். வெள்ளியோ 961 டிகிரியிலேயே உருகிவிடும். சூட்டைத் தாங்கும் பல்லேடியம் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் பொடியோடு போரான், சிலிக்கா சேர்ந்த கண்ணாடித்தூளைக் கொஞ்சம் கலக்கிறார்கள். அது முதலில் இளகி, துகள்களுக்கு நடுவே பாகாக ஓடி, அவற்றை இழுத்து நெருக்கும். காற்றுக்குழிகள் மூடும். குறைந்த சூட்டிலேயே காரியம் முடிந்துவிடும். இன்று அதிகம் பயன்படும் நிக்கல் அடுக்குகளை ஆக்சிஜன் குறைந்த சூளையில் சுட வேண்டும். அங்கும் பெரும்பாலும் துளி கண்ணாடி உண்டு.

கடலை உருண்டை பிடித்தவர்களுக்கு அடுத்தது புரியும். பாகு குறைந்தால் உதிரும். கூடினால் கடலை ருசியே தெரியாது. மின்சாரத்தைத் தேக்குவதில் பேரியம் டைட்டனேட்டின் மதிப்பு ஆயிரங்களில் இருக்கும். கண்ணாடிக்குப் பத்தைத் தாண்டுவதே பெரிது. கொஞ்சம் கூடினாலும் கப்பாசிட்டரின் கொள்ளளவு சரியும். குறைந்தாலோ குழி விழும், குழியில் ஈரம் இறங்கும், ஒருநாள் ஷார்ட் ஆகி போனே படுத்துவிடும். இந்தப் பக்குவத்தைத்தான் கம்பெனிகள் வெளியே விடுவதில்லை.

இதில் நம் ஊர்க் கதையும் கொஞ்சம் உண்டு. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு நல்ல கப்பாசிட்டர் என்றால் காக்காப்பொன், அதாவது மைக்கா. அன்றைய சென்னை மாகாணத்தின் கூடூர்ச் சுரங்கங்களிலிருந்தும் அது கப்பலேறியது. போரில் வரத்து சிக்கலாக, மாற்று தேடியபோதுதான் பேரியம் டைட்டனேட்டின் அருமை தெரிந்தது.

2025 மார்ச்சில் மின்னணு உதிரிபாகங்களுக்காக 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடும் தன் பங்குக்கு ஒரு திட்டம் அறிவித்தது. ஜப்பானின் முராட்டா நிறுவனமும் சென்னை அருகே ஒன்ஹப் தொழிற்பூங்காவில் இடம் பிடித்தது, கப்பாசிட்டர்களை பேக் செய்து அனுப்புவதற்காக. அந்த அறிவிப்பில் சூளை இல்லை.