கல்லீரலுக்குக் காவல் காளானா?

தைவான் தீவுக்கே உரிய ஒருவகைக் கற்பூர மரம் முதிர்ந்து உள்ளே பொந்து விழும்போது, அந்தப் பொந்தின் இருண்ட சுவரைப் பற்றிக்கொண்டு, செந்நிறமும் கடுங்கசப்பும் உடைய ஒரு காளான் மெல்ல மெல்லப் படர்கிறது. மிதமிஞ்சிக் குடித்தவனுடைய மயக்கத்தைத் தெளிவிக்க அத்தீவின் ஆதிவாசிகள் அதனை உபயோகித்து வந்தார்கள் என்பது அங்கே வழங்கும் செய்தி. ஆன்ட்ரோடியா என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட இந்தக் காளானையும், சீனர் லிங்ஷி என்றும் ஜப்பானியர் ரெய்ஷி என்றும் போற்றுகின்ற மற்றொரு காளானையும் காட்டி, குடிப்பவர்களின் கல்லீரலுக்குக் கவசம் கிடைத்துவிட்டது என்று செய்யப்படுகிற வியாபாரப் பிரசாரத்தைக் குறித்தே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

ஆராய்ச்சியின் பங்கை முதலில் மரியாதையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே போன மதுவைக் கல்லீரல் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாற்றி, அதன் பிறகே அதனைத் தீங்கற்ற அசிடேட்டாக ஆக்குகிறது. நாள்தோறும் குடிப்பவனுடைய உடம்பில் இந்த வேலை பெருகப் பெருக, செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகள் மிகுந்து, அவற்றைத் தடுக்கும் குளுட்டதயோன் குறைந்து, கொழுப்பு படிந்து, அழற்சி கண்டு, முடிவில் ஈரல் தழும்பேறிச் சுருங்கிப்போகிறது. மதுவோடு காளான் சத்தும் புகட்டப்பட்ட எலிகளின் இரத்தத்தில், சிதைந்த ஈரல் செல்களிலிருந்து கசிகின்ற நொதிகள் குறைந்திருப்பதையும், குளுட்டதயோன் ஓரளவு காக்கப்பட்டிருப்பதையும் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். டிரைடெர்பினாய்டுகள், பாலிசாக்கரைடுகள் ஆகிய பொருள்களே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இவை மேலும் ஆராயத் தகுந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால், சில நாளோ சில வாரமோ மது புகட்டப்பட்ட எலியின் ஈரல் வேறு. இருபது வருஷம் இரவு தவறாமல் குடித்தவனுடைய ஈரல் வேறு. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் மிகச் சிலவே, அவையும் சிறியவை. மேலும், மரத்தில் விளைந்த காளானில் உள்ள டிரைடெர்பினாய்டுகள், தொட்டியில் நொதிக்கவைத்து வளர்க்கப்படும் காளான் இழைகளில் அதே அளவில் இருப்பதில்லை. புட்டியின் மேலுள்ள பெயர் என்னவோ ஒன்றுதான். காட்டுக் காளானுக்குக் கிடைக்கும் பெருவிலைக்காக அந்த அரிய மரங்கள் திருட்டுத்தனமாக வெட்டப்படுவது தனித் துக்கம்.

இவற்றினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ஈரலைக் காப்பதாகச் சொல்லப்படும் லிங்ஷியின் பொடியை உட்கொண்ட பின்னர் ஈரல் அழற்சி ஏற்பட்டதாக 2004இல் ஹாங்காங் வைத்தியர்களும், அவ்வாறே ஒரு மரணம் நேர்ந்ததாக 2007இல் தாய்லாந்து வைத்தியர்களும் எழுதியிருக்கிறார்கள். இத்தகைய சம்பவங்கள் அபூர்வமானவைதாம். எனினும், ஏற்கெனவே நலிந்த ஈரலை உடையவன் இந்தப் பரீட்சையில் இறங்குவதற்கு நியாயமே இல்லை.

காலையில் வெந்நீரில் கரைத்த பொடி, இரவில் வழக்கமான புட்டி என்று நடக்கும் வீடுகளில், அந்தப் பொடி ஈரலைக் காக்கிறதோ இல்லையோ, குடியைக் காத்துக் கொடுக்கிறது. பரிகாரம் கையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே குடி நீடிக்கிறது. கொழுப்பு மட்டும் படிந்த நிலையில் குடியை அறவே நிறுத்தினால் சில வாரங்களில் ஈரல் தேறத் தொடங்குகிறது என்பதும், தழும்பேறிய பின்னரும் நிறுத்தியவனுடைய ஆயுள் நீள்கிறது என்பதும் வைத்திய சாஸ்திரம் ஐயமற நிலைநாட்டிய உண்மைகள். இவ்வளவு பலன் தருவதாக எந்தக் காளானும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

கணவனுக்காகவோ மகனுக்காகவோ கடன்பட்டு இந்தப் புட்டிகளை வாங்குகின்ற பெண்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, குடியை விடுவதற்கான சிகிச்சை கேளுங்கள், ஈரலையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடுமாதலால், வைத்தியரின் துணையோடு நிறுத்துவதே உத்தமம்.