கேரட் வேஷம் போதும்

பள்ளி ஆண்டு விழாவில் 'சத்துணவு விழிப்புணர்வு நாடகம்' என்று அறிவித்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அட்டையில் வெட்டிய கேரட் ஒன்று வரும், கீரை ஒன்று வரும். 'என்னைச் சாப்பிட்டால் கண்ணுக்கு நல்லது' என்று ஒப்பித்துக் கைதட்டல் வாங்கிவிட்டு இறங்கும். இறங்கியதும் கையில் சிப்ஸ் பாக்கெட். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வசனம் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தது.

கொடைக்கானல் மலையில் இந்த வேடிக்கை இன்னும் உறைக்கும். மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகின்றன. மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழை அதற்கு முன்பே பெற்றுவிட்டது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் சௌசௌவும் பட்டர் ஃப்ரூட்டும். பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. அதே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் பாக்கெட்டுகள் பெட்டிக்கடை வாசலில் சரம்சரமாகத் தொங்குகின்றன.

இதைப் பிள்ளைகளே மேடையில் பேச வேண்டும். அதற்குத் தேவை நாடகப் பட்டறை. ஒத்திகை பார்த்த பிரசங்கம் அல்ல.

பட்டறை என்பது இந்த மலை இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1977இல் நாடகக்காரர் சே. இராமானுஜம் உள்ளிட்டோர் காந்திகிராமத்தில் நடத்திய நாடகப் பட்டறை, நவீனத் தமிழ் நாடக வரலாற்றில் தவறாமல் இடம்பெறுவது. அதே காந்திகிராமத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து சொல்லித்தரும் மனையியல் துறையும் இருக்கிறது. நாடகக்காரரையும் ஊட்டச்சத்து ஆசிரியரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி மலைக்கு அனுப்ப யாருக்கும் தோன்றாததுதான் ஆச்சரியம்.

பட்டறையை எப்படி நடத்துவது? பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் ஒரு வழி காட்டினார். பிரச்சினை முற்றும் இடத்தில் நாடகத்தை நிறுத்திவிட வேண்டும். பார்வையாளரில் ஒருவர் எழுந்து வந்து பாத்திரத்தின் இடத்தில் நின்று, வேறு விதமாக நடித்துக் காட்ட வேண்டும்.

பெட்டிக்கடைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். பையன் கையில் பத்து ரூபாய். 'வீட்டுல பழம் இருக்குடா' என்கிறாள் அக்கா. 'அது தினமும்தான் இருக்கு' என்கிறான் தம்பி. 'சட்டுனு சொல்லு தம்பி, என்ன வேணும்?' என்று கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். இங்கே நிறுத்தினால், கீழே இருக்கும் பத்துப் பேர் பத்து விதமாக நடிப்பார்கள். ஒருத்தி கடைக்காரரிடமே 'அவிச்ச கடலை ஏன் வைக்கிறதில்ல?' என்று கேட்கக்கூடும். இன்னொருவன் குளிர்பானத்தை வாங்கியே தீருவான். வாங்கட்டும். 250 மில்லி கோலாவில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஆறு டீஸ்பூன் சர்க்கரையை அவன் கையாலேயே ஒரு டம்ளரில் அள்ளிப் போடச் சொன்னால், அதற்குமேல் வசனம் வேண்டியதில்லை.

நாடகத்தால் எல்லாம் மாறிவிடாது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி வகுத்துவிட்டது. விதியை அமல்படுத்துவது அதிகாரிகளின் வேலை. அதைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது.

பள்ளிக்கல்வித் துறை 2022 முதல் கலைத் திருவிழா நடத்துகிறது. அடுத்த திருவிழாவுக்கு முன் மேல்மலை, கீழ்மலைப் பள்ளிகளில் தலா ஒரு வாரம் இப்படியொரு பட்டறை நடத்த மாவட்டக் கல்வி அலுவலர்கள் முன்வர வேண்டும். வசனத்தைப் பிள்ளைகளே எழுதட்டும்.